கோதண்டம் இரண்டாம் முறை பிறந்தார்

"உங்க கணவர் காலமாயிட்டதா காட்டுதே, மேடம்."

"அப்போ பின்னால உட்கார்ந்து முறுக்கு கடிக்கிறது யாரு?" மங்கை கத்தினாள்.

மக்களின் நிலைகளைப் பதியும் நிலையகத்தின் நான்காம் கவுன்ட்டரிலிருந்து நிஷா எட்டிப் பார்த்தாள். கோதண்டம் பரிதாபமாகக் கையசைத்தார். பயம் வந்தால் அவருக்கு முறுக்கு வேண்டும். அவர் மணிக்கட்டுத் திரையில் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. 9:40. 9:39. பூஜ்யம் வந்தால் மார்புக்குள் இதயத்தை ஓட்டும் இதயத்துணைக் கருவி நின்றுவிடும். அவரும்தான்.

எல்லோருடைய பிறப்பு, மணம், இறப்பையும் கவனிக்கும் நிலைப்பொறி வந்த பிறகு சான்றிதழுக்காக யாரும் அலைவதில்லை. ஒருவர் எந்த நிலைக்குள் காலெடுத்து வைத்தாலும், அதன் நுழைவுச் செயல்கள் தாமாக ஓடும். மணமா? வீடு ஒதுக்கப்படும். இறப்பா? உறவினருக்குச் செய்தி பறக்கும். இதயத்துணை அடுத்த நோயாளிக்காக அணைக்கப்படும்.

கோதண்டத்தின் தெருவில் காலையில் இறந்தவர் இன்னொரு ப. கோதண்டம். அவர் அப்பா பரமசிவம், இவர் அப்பா பழனி. பதிந்த புண்ணியவான் தலைப்பெழுத்தோடு நிறுத்திவிட்டார்.

"திருத்திட்டேன்!" நிஷா 'உயிருடன்' என்று மாற்றினாள். அவள் திரை மாறியது. மணிக்கட்டு மாறவில்லை. 4:12.

"என்னம்மா இது?" மங்கை பதறினாள்.

"நிலையோட பேரை மட்டும்தான் மாத்தியிருக்கேன். நிலைக்குள்ள நுழைஞ்சாத்தான் செயல் ஓடும். உயிருக்குள்ள நுழைய ஒரே வாசல்தான்..." நிஷா புதுப் படிவத்தைத் திறந்தாள். "பிறப்பு."

"பெத்துப் போடு தாயே!" கோதண்டம் கும்பிட்டார்.

அதே கைரேகையில் புதுப் பதிவு. எடை?

"எண்பத்திரண்டு கிலோ!" பொறி மறுத்தது.

"எட்டுன்னு போடு!" அதற்கும் மறுப்பு.

"நாலு!"

0:21. நிஷா பொத்தானைக் குத்தினாள்.

முதல் நுழைவுச் செயல்: உயிர்காக்கும் கருவிகளை இயக்கு. எண்கள் மறைந்து மணிக்கட்டு பச்சையானது. மங்கை அப்படியே தரையில் உட்கார்ந்து, அழுகையும் சிரிப்புமாகக் கோதண்டத்தின் காலைக் கட்டிக்கொண்டாள். அவர் மிச்ச முறுக்கை அவளிடம் நீட்டினார்.

அப்போது அவள் மணிக்கட்டு சிணுங்கியது. 'கணவர் பச்சிளங்குழந்தை. மணம் செல்லாது. உங்கள் நிலை: மணமாகாதவர்.' அந்த நிலைக்கும் நுழைவுச் செயல் உண்டே! வரிசையாக மூன்று வரன்கள் படத்தோடு வந்து விழுந்தன.

"யாருடி அவன், மீசையோட?" கோதண்டம் எட்டிப் பார்த்தார்.

"விண்கல இன்ஜினியராம். செவ்வாயில சொந்த வீடாம்."

"அழிச்சுத் தொலை!"

"சத்தம் போடாதீங்க." மங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த படத்துக்குத் தள்ளினாள். "உங்களுக்குப் பேச்சு வரவே இன்னும் ஒரு வருஷம் ஆகும்."