அழியாத களம்

எங்கள் சிநேகிதி அம்மிணியின் பழைய வீட்டுக்கு நாங்கள் போனதே நாகபூஜைக்குப் போடும் சர்ப்பக்களம் பார்க்கத்தான். முற்றத்துத் தரையில் அரிசிமாவும் மஞ்சளும் உமிக்கரியுமாகப் பின்னிக் கிடந்தன நாகங்கள். என் கணவர் சித்திரக்காரர். சாப்பாட்டை மறந்தாலும் பென்சிலை மறக்கமாட்டார். அங்கேயே உட்கார்ந்து வரைந்துகொண்டார். பூஜை முடியும்போது அந்த வீட்டுப் பெண் நாகம் ஏறி, கமுகம்பூக் கொத்தோடு தலைவிரித்து ஆடி வந்து, களத்தைக் கையாலேயே அழித்தாள்.

"அழிக்கலேன்னா?" என்று கேட்டேன்.

"வந்தது போகில்லா, மாமி. களத்தை அழிச்சு மாய்க்காம விடப்பிடாது, கேட்டோ?" என்றாள் அம்மிணி.

இவர் காதில் அது ஏறவில்லை. ஸ்ரீவராகத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்ததும் ஆளுயரத் துணியில் எண்ணெய் வண்ணத்தால் அதையே எழுதினார். படமெடுத்த தலை இல்லை, கண் இல்லை, வால் இல்லை. வெறும் வளைவுகள்.

"பாம்பை எடுத்துட்டு அதோட ஓட்டத்தை மட்டும் வெச்சிருக்கேன். மதராஸ் கண்காட்சிக்கு. எத்தனை காலமானாலும் அழியாது."

நான் அந்த வளைவுகளை உற்றுப் பார்த்தேன்.

"அழிக்க வேண்டியதையா அழியாமப் பண்ணியிருக்கேள்?"

"போடி அசடு!"

வண்ணம் காய்ந்த பிறகு ஒரு மழைநாள் மத்தியானம். டர்பன்டைன் நெடி அடிக்க வேண்டிய அறையில் மஞ்சளும் கமுகம்பூவும் மணத்தன.

உள்ளே சரசரவென்று சத்தம்.

எட்டிப் பார்த்தேன்.

என் ஒன்பது வயதுப் பெண் சீதா படத்துக்கு முன்னால் மண்டியிட்டிருந்தாள். காலையில் நான் பின்னிய சடை அவிழ்ந்து கிடந்தது. தலை சுழன்று சுழன்று ஆடியது.

"சீதா!"

அவள் கண்ணைத் திறக்கவில்லை. இரண்டு கையாலும் துணியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கோடும் அழியவில்லை. விரல் நுனியெல்லாம் ரத்தம்.

நிறுத்தவே இல்லை.

இவர் ஓடிவந்து இழுத்தார். அந்தப் பிஞ்சு உடம்பை இம்மிகூட அசைக்க முடியவில்லை.

"கிழிச்சுப் போடுங்கோன்னா! கொழந்தை செத்துடுவா!"

ஒரு கணம் படத்தைப் பார்த்துத் தயங்கினார், பாவி மனுஷன். அந்தக் கணத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பிறகு கத்தியை எடுத்துக் குறுக்கே கிழித்தார். சீதா சுருண்டு விழுந்தாள். துணியை வெந்நீர் அடுப்பில் திணித்து எரித்தோம்.

சீதா கண் விழித்து, பசிக்கிறது என்றாள். நான் அழுதே விட்டேன்.

விஷயம் கேட்டு வந்த அம்மிணி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"தீயிலிட்டுக் கத்திச்சோ? அய்யோ மாமி... அவ கையால மாய்ச்சில்லையோ?"

உள்ளே வராமலே திரும்பிப் போனாள்.

சீதா நன்றாகத்தான் இருக்கிறாள். சடையை எவ்வளவு இறுக்கிப் பின்னினாலும் மத்தியானத்துக்குள் அவிழ்ந்துவிடுகிறது. வாரிவிடும்போது சீப்பிலிருந்து மஞ்சள்பொடி உதிர்கிறது.