கேட்காமல் வந்த வயது

காலை 9.40. மருத்துவமனையிலிருந்து அழைப்பு. அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் குழந்தைக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டும். கொடையாளர் தேடும் இணையதளமோ, ‘ஒருவரும் இல்லை’ என்று கையை விரித்தது. அந்த ஊரிலேயே பதினோரு பேர் பதிந்திருக்கிறார்கள். அவசரத்துக்குக் கையால் தேடி எண்களைக் கொடுத்தாயிற்று. ஆனால் தேடலில் அந்தப் பதினோரு பேர் எங்கே போனார்கள்?

“நேத்து தேடல் பக்கத்தை மாத்துனது யாரு?” என்று அந்தத் தளத்தை நடத்தும் அலுவலகத்தின் மேலாளர் உறுமினார். எல்லாக் கண்களும் அதை மாற்றிய இளைஞன் மேல் விழுந்தன. “சாயங்காலத்துக்குள்ள உன் சீட்டைக் கிழிச்சிடுவேன்!”

அவனுடைய அக்காவும் அங்கேதான் சோதனைப் பிரிவில் இருந்தாள். ஒரு பிழையையும் தப்பவிடாததால் அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர் சல்லடை.

“மதியம் வரைக்கும் டைம் குடுங்க சார். தப்பு அவனோடதுன்னா நானே கிழிச்சுத் தர்றேன்” என்றாள். உள்ளூர இருந்த பயத்தைக் குரலில் காட்டவில்லை.

“உன் பக்கம் என்னடா கேக்குது?” என்று தம்பியிடம் திரும்பினாள்.

“ரெண்டே பெட்டிக்கா. ரத்த வகை, ஊர். மச்சான் எழுதின சங்கிலியில அதை ஒண்ணொண்ணா கோக்குறேன். முழு முகவரி தானா வந்துடும்.”

மச்சான் என்பது அதே அலுவலகத்தில் வேலை பார்க்கும் சல்லடையின் கணவர். நிபந்தனைகளை வரிசையாகக் கோத்து, இணைய முகவரியின் கேள்விக்குறிக்குப் பின்னால் சேர்க்கும் கருவி அவருடையது.

சல்லடை வழக்கம்போல் சர்வரை அணைத்து, மறுபடி ஓடவிட்டுத் தம்பியின் பக்கத்தில் தேடினாள். பதினோரு பேரும் வந்தார்கள். இன்னொரு முறை அணைத்துப் போட்டாள். மறுபடியும் பதினோரு பேர்.

காலையில் தோற்றுப்போன தேடலின் முகவரியை சர்வரின் பதிவிலிருந்து எடுத்தாள். ரத்த வகை, ஊர். கடைசியில் வயது, பதினெட்டு முதல் இருபது.

“வயசு எதுக்குடா?”

“நான் கேக்கவே இல்லக்கா! என் பக்கத்துல அதுக்குப் பெட்டியே கிடையாது.”

“முகவரியில இருக்கே, அப்புறம் என்ன?” என்றார் மேலாளர்.

கணவர் ஒரு காகிதக் கப்பில் டீயை நீட்டினார். சல்லடை ஒரு வாய் குடித்து முகம் சுளித்தாள்.

“என்னங்க, டீயில காபி வாசம் அடிக்குது?”

“காலைல காபி குடிச்ச கப்தான். இன்னொண்ணு எதுக்கு வீணாக்கணும்?”

அவள் கப்பையே பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“வயசு கேக்குற பக்கம் எது?”

“இன்னைக்குக் காலைல திறந்த கல்லூரி ரத்ததான முகாம் பக்கம். நான்தான் எழுதினேன்” என்றார் கணவர்.

இந்த முறை அவள் சர்வரை அணைக்கவில்லை. முகாம் பக்கத்தில் ஒரு தேடல், உடனே தம்பியின் பக்கத்தில் ஒரு தேடல். ‘ஒருவரும் இல்லை.’

“குற்றவாளி இவர்தான் சார்” என்று கணவரைக் காட்டினாள். “ஒவ்வொரு தேடலுக்கும் புதுச் சங்கிலி குடுக்கணும். இவர் ஒரே சங்கிலியை எல்லாருக்கும் சுத்தவிட்டிருக்கார். வகையும் ஊரும் எல்லாப் பக்கமும் கேக்குது, அதனால பழசு அழிஞ்சு புதுசு வந்து உக்காருது. வயசை முகாம் மட்டுந்தான் கேக்குது. அதை அழிக்க ஆளில்ல. அடுத்த ஆள் தேடல்லயும் ஒட்டிக்கிட்டே வந்துடுச்சு. அந்தப் பதினோரு பேர்ல அந்த வயசுல யாருமே இல்ல.”

“உங்க சோதனையில இது ஏன் மாட்டல?” என்று கேட்டார் மேலாளர்.

“ஒவ்வொரு தடவையும் சர்வரை அணைச்சுப் போட்டுத்தான் பாப்பேன். அணைச்சா பழைய சங்கிலி அழிஞ்சுடும். கப்பைக் கழுவிக் கழுவிக் குடிச்சுட்டு, சுத்தமா இருக்குன்னு நானே சொல்லியிருக்கேன்.”

கணவரின் முகம் தொங்கிப்போனது. “அவ சொல்றது சரி சார்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அரை மணியில் திருத்தினார். சல்லடை அணைக்காமலே முகாமில் தேடினாள், பிறகு தம்பியின் பக்கத்தில். பதினோரு பேர்.

“நீ போய் வேலையைப் பாருப்பா” என்றார் மேலாளர், தம்பியின் முகத்தைப் பார்க்காமல்.

சல்லடை அப்போதுதான் நிம்மதியாக மூச்சுவிட்டாள். தம்பி வெளியே போய் டீ வாங்கிவந்து கணவரின் மேசையில் வைத்தான்.

“குடிங்க மச்சான். புதுக் கப்.”