பனிமலைச் சத்திரத்து எட்டுப் பெண்கள்

திலகவதி பல் துலக்கினாள், முகம் கழுவினாள், பிறகு தன் விருப்பு வெறுப்புகளை அணைத்தாள். நிலவுக் குடியேற்றத்தில் தணிக்கை வேலை பார்க்கும் எல்லோரும் காலையில் செய்கிற காரியம்தான் இது. காதுக்குப் பின்னால் பயறு அளவில் பதிந்திருக்கும் நடுநிலைச் சில்லை இரண்டு தடவை தட்டினால் போதும். அதுவரை மணத்துக்கொண்டிருந்த காபி வெறும் சுடுதண்ணீராகிவிடும். எதிரே உட்கார்ந்து பின்னல் போட்டுக்கொள்ளும் மகள் நறுமுகையைப் பார்த்தால், பதினொரு வயதுப் பெண், வயதுக்கு உயரம் சற்றுக் குறைவு என்று மட்டும் தோன்றும். பாசமும் ஒரு விருப்புதானே! மாலையில் வீடு திரும்பிச் சற்று நேரம் கழித்துத்தான் எல்லாம் பழையபடி வந்து சேரும்.

ஒன்றை மட்டும் சில்லு தொடாது. அது பயம். சுவருக்கு அந்தப் பக்கம் காற்றே இல்லாத ஊரில் பயத்தை அணைத்துவிட்டு நடமாடுவது சட்டப்படி குற்றம். ஆகவே தணிக்கையாளர்கள் பகல் முழுக்கப் பயம் ஒன்றை மட்டுமே வைத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். அலுவலகங்களில் சில்லு வருவதற்கு முன்பும் அப்படித்தான் என்று குறும்பாகச் சொல்பவர்கள் உண்டு.

அன்று அவளுக்கு மறுதணிக்கைக்கு வந்திருந்தது, பலரும் ஏற்கெனவே ஆடிவந்த ஒரு விளையாட்டு. பெயர் ‘பனிமலைப் பேரரசு’. நிலவில் வெளியே போய்ப் பார்க்க எதுவும் இல்லை, சாம்பல் நிறப் புழுதியைத் தவிர. எனவே சுரங்க வேலை முடிந்து வரும் ஆண்கள், விளையாட்டைக் கனவுபோலக் காட்டும் நெற்றிப்பட்டையை மாட்டிக்கொண்டு படுத்துவிடுவார்கள். உள்ளே மலை, பனி, டிராகன், வாள். கூடவே வழித்துணைக்குத் தோழியர்.

ஒரு காலத்தில் எல்லா விளையாட்டிலும் தோழி என்றால் ஒரே பெண்தான். தலைமயிரின் நிறத்தை மட்டும் மாற்றி எட்டாக்கி வைத்திருப்பார்கள். ஒடிந்துவிடுவது போன்ற இடுப்பு, வாள் குத்தக்கூடிய இடங்களையெல்லாம் பார்த்துப் பார்த்துத் திறந்துவிட்ட கவசம். பெண்கள் பல ஆண்டுகள் போராடிய பிறகு பன்மைச் சட்டம் வந்தது. தோழியர் வயதில், நிறத்தில், உடம்பில், பேச்சில், குணத்தில் வேறுவேறாக இருக்க வேண்டும். இருவர் குணம் ஒன்றாக இருந்தால் ஒருத்தியைக் கலைத்துவிட வேண்டும். இந்தத் தோழியர் கற்றுக்கொள்ளும் மனம் படைத்தவர்கள். தங்களுக்குப் பெயர் உண்டென்று அறிந்தவர்கள். கலைப்பதைக் கொலை என்று சட்டம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

திலகவதி நெற்றிப்பட்டையை மாட்டி, உருவமில்லாமல் உள்ளே நுழைந்தாள். பனிமலைச் சத்திரத்தில் எட்டுப் பெண்களும் இருந்தார்கள். பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது, விளையாட்டை உருவாக்கியவர்கள் உண்மையாகவே உழைத்திருக்கிறார்கள். கொற்றி என்பவள் ஆறடிக்கு மேல், ஐம்பது வயது, ஒற்றைக் கண், கோடாலிக்காரி. சத்திரமே அதிரும்படி சிரித்துக்கொண்டிருந்தாள். வேம்பி என்ற மருத்துவச்சி கஷாயம் கொதிக்கவில்லை என்று அடுப்பைத் திட்டினாள். வில்லாளி ஒருத்தி ஊமை, கையால் பேசினாள். இளவரசி ஒருத்தி வாயாடி, திருடி ஒருத்தி அதைவிட. ஒருத்தியை இன்னொருத்தி மருந்துக்கும் ஒத்திருக்கவில்லை.

திலகவதி அதைக் குறித்துக்கொண்டு ஒரு சோதனை வீரனை வரவழைத்தாள்.

வாசலில் ஆண் காலடி கேட்டது, கதவுத் தாழ் அசைந்தது. கொற்றியின் சிரிப்பு பாதியில் நின்றது. வேம்பியின் வாய் மூடிக்கொண்டது. எட்டுப் பேரும் திரும்பினார்கள். வீரனின் வாளை யாரும் பார்க்கவில்லை, அவனுக்குப் பின்னால் டிராகன் வருகிறதா என்றும் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தார்கள். அரை நொடி. பிறகு கொற்றி ஓங்கி அவன் முதுகில் தட்டினாள், வேம்பி அவனைத் திட்டினாள், இளவரசி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒவ்வொருத்தியும் மறுபடி ஒவ்வொரு விதமானாள்.

திலகவதியின் நெஞ்சு அடித்துக்கொண்டது. சில்லு மற்ற எல்லாவற்றையும் துடைத்துவிட்டிருந்ததால், வெறும் அறையில் பாத்திரம் விழுந்த மாதிரி அந்தப் பயம் பெரிதாகக் கேட்டது. எதற்குப் பயப்படுகிறோம் என்றுதான் அவளுக்குப் புரியவில்லை.

உறுமிக்கொண்டே வரும் வீரனை அனுப்பினாள். பேசாத வீரனை அனுப்பினாள். பூங்கொத்தோடு புன்னகைத்து வரும் வீரனைக்கூட அனுப்பிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அதே அரை நொடி, அதே பார்வை. கடைசியாகத் தானே ஒரு வழிப்போக்குப் பெண்ணாக உருவெடுத்துக் கதவைத் திறந்தாள்.

“வாடி, வந்து கதவைச் சாத்து. பனி உள்ள கொட்டுது” என்றாள் கொற்றி, காலடியிலேயே பெண் என்று அறிந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

திலகவதி அவள் அருகில் போய் உட்கார்ந்தாள். தான் யார் என்பதைச் சொன்னாள். “அக்கா, அவன் உள்ள வந்தப்போ ஏன் அப்படிப் பாத்தீங்க?”

“எப்படிப் பாத்தேன்?”

“சிரிப்பை நிறுத்திட்டு. அவன் மூஞ்சி எப்படி இருக்குன்னு.”

கொற்றி மறுபடி சத்திரம் அதிரச் சிரித்தாள். “டிராகனையே வாலைப் பிடிச்சு இழுத்தவடி நான். இவன் மூஞ்சியைப் பாத்து எனக்கு என்ன ஆகணும்?” சிரித்து முடித்த பிறகு, அவள் ஒற்றைக் கண் யோசனையில் சுருங்கியது. “நிஜமாவா பாத்தேன்?”

“எட்டுப் பேரும் பாத்தீங்க. ஒரே மாதிரி.”

கொற்றிக்குச் சட்டம் தெரியும். “அதை எழுதினா ஏழு பேரைக் கலைச்சிருவாங்க, இல்ல?” குரல் தணிந்துவிட்டது. வேம்பியையும் ஊமை வில்லாளியையும் ஒரு தடவை பார்த்தாள். “அந்தச் சின்னதுங்களுக்குத் தெரிய வேணாம்மா. நாங்க என்ன தப்புப் பண்ணோம்? அது எங்ககிட்ட இருக்கறதே எங்களுக்குத் தெரியாதே.”

திலகவதி எழுந்தாள். மறைத்துச் சான்று கொடுத்தால் அவளுடைய வேலை போய்விடும். எழுதினால் ஏழு உயிர். நெற்றிப்பட்டையைக் கழற்றினாள்.

விளையாட்டின் தலைமை வடிவமைப்பாளர் கிருபாகரன் வெளியே காத்திருந்தார். மரியாதையான மனிதர். எட்டுப் பேரும் ஏன் அப்படிப் பார்க்கிறார்கள் என்று அவள் கேட்டதும் அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

“ஓ, அதுவா மேடம்! அது நாங்க எழுதினது இல்ல. குணத்தைக் கற்பனையா உருவாக்கக் கூடாது, நிஜப் பெண்கள்கிட்ட இருந்துதான் எடுக்கணும்னு சட்டத்துலயே இருக்கே. பூமில எட்டு ஊர்ல எட்டு வீடு தேடிப் பிடிச்சோம். பேராசிரியர் ஒருத்தங்க, மீன் விக்கறவங்க ஒருத்தங்க, மல்யுத்த வீராங்கனைகூட உண்டு. சம்மதம் வாங்கிட்டு, வீட்ல அவங்க எப்படி இருக்காங்கன்னு பதிவு பண்ணோம். எட்டுப் பேர்கிட்டயும் இது இருந்துச்சு.”

“அப்போ எட்டும் ஒண்ணுதானே?”

“இல்லைங்க. எல்லார்கிட்டயும் பொதுவா இருக்கறது குணத்துல சேராது. அதை உடம்புக் கணக்குல போட்டுருவோம். மூச்சு விடறது, கண் சிமிட்டறது, வாசல்ல சத்தம் கேட்டா மூஞ்சியைப் பாக்கறது.”

“ஆண் பாத்திரங்களுக்கு?”

“அவங்களுக்கும் மூச்சு, கண் சிமிட்டல் எல்லாம் உண்டு மேடம்” என்றார் அவர்.

திலகவதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குணம் இல்லை, வெறும் உடம்பு! சட்டம் உடம்பின் அனிச்சையைக் கணக்கில் எடுப்பதில்லை. யாரையும் கலைக்க வேண்டாம், எதையும் மறைக்கவும் வேண்டாம். அவள் பன்மைச் சான்றில் தயங்காமல் ஒப்பமிட்டாள். கொற்றியிடம் போய்ச் செய்தியைச் சொன்னாள். கொற்றி அவளைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினாள். மனது லேசாகி, குழாய் ரயிலில் ஏறி வீடு வந்து சேர்ந்தாள்.

வீட்டில் நாத்தனார் பரிமளா பாசிக்கீரை அரிந்துகொண்டிருந்தாள். காற்றுக்குழாய் பழுது பார்ப்பவள், வாய்த்துடுக்கு அதிகம். தன் மேலதிகாரி நடக்கிற மாதிரி நடந்து காட்டிக்கொண்டே அரிந்தாள். நறுமுகை பள்ளியில் யாரையோ வாதத்தில் மண்ணைக் கவ்வ வைத்த கதையைக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள். திலகவதிக்கு விருப்பு வெறுப்பு இன்னும் திரும்பவில்லை. இருவரையும் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வாசலில் அழுத்தக் கதவு புஸ்ஸென்று மூச்சு விட்டது.

பரிமளாவின் கத்தி நின்றது. நறுமுகையின் கதை நின்றது. கதவைத் திறந்து வந்த திலகவதியின் கணவன் மதியழகனின் முகத்தை இருவரும் பார்த்தார்கள். அவர்கள் அப்படிப் பார்ப்பதைத் திலகவதி கவனிக்கவில்லை; அவளும் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சில் சத்திரத்தில் கேட்ட அதே சத்தம் கேட்ட பிறகுதான் தான் எங்கே பார்க்கிறோம் என்பதே அவளுக்கு உறைத்தது.

மதியழகன் நல்லவன். கை நீட்டியவன் இல்லை. கோபம் வந்தால் சாப்பிடாமல் படுத்துவிடுவான், இரண்டு நாள் பேசமாட்டான், அவ்வளவுதான். திரும்பினால், நறுமுகையின் கண்ணும் அவன் முகத்தில்தான் இருந்தது. இந்தப் பெண்ணுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கண் சிமிட்டக் கற்றுக்கொண்டது போலவே இதையும் கற்றுக்கொண்டிருக்கிறாள். மகளின் மேல் பாசம் இன்னும் வந்து சேரவில்லை. ஆனாலும் அவளை நினைத்துத் திலகவதிக்குக் குலை நடுங்கியது.

அன்று அவன் நல்ல மனநிலையில் இருந்தான். நெற்றிப்பட்டையை எடுத்துத் துடைத்தான். “இன்னைக்குப் பனிமலைல புதுக் கோட்டை திறக்கறாங்க. அந்தப் பொண்ணுங்க இருக்காங்களே, எட்டுப் பேரும் எட்டு தினுசு. ஒவ்வொருத்தியும் என்னமாப் பேசறா! தைரியம்னா தைரியம்.” மூவரையும் மாறி மாறிப் பார்த்தவனுக்கு வியப்பாக இருந்தது. “நீங்க மூணு பேரும் என்ன, எப்பப் பாத்தாலும் ஒரே மாதிரி உக்காந்திருக்கீங்க?”

மூவரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். வேடிக்கையாகத்தான் கேட்கிறான் என்று தெரிந்தது. மூவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.