யாருக்காக இந்தப் பாட்டு?

ஊறுகாய் ஜாடியின் கழுத்தருகே ஒரு சிவப்பு நாடா ஒட்டியிருந்தது. புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சில்லறை அந்த நாடா வரைக்கும் ஏற வேண்டும். இப்போது மணி ஒன்றரை. சில்லறை ஜாடியின் அடியைக்கூட முழுசாக மூடவில்லை.

ஹிஸ்கே ஜாடியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு இன்னொரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தாள். எந்தப் பக்கம் சாய்த்தாலும் அதே சில்லறைதான்.

ஜாடிக்குப் பின்னால் ஒரு கண்ணாடி வீடு இருந்தது. தக்காளி வளர்க்கும் ஒருவர் இரவல் கொடுத்த பழைய கண்ணாடிக் கூடம் அது. அதை டோக்கும் என்ற ஊரின் சந்தைத் திடல் நடுவில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். உள்ளே அவளுடைய அண்ணன் வோபே திங்கட்கிழமை மதியத்திலிருந்து அடைபட்டுக் கிடந்தான். யாரும் அவனைப் பிடித்து அடைக்கவில்லை. அவனாகவேதான் போய் உட்கார்ந்துகொண்டான்.

டிசம்பர் மாதம் வந்தால் எங்காவது ஒரு கல்லூரி மாணவர் கூட்டம் இப்படிச் செய்யும். உள்ளே இருப்பவர்கள் எதையும் சாப்பிடக் கூடாது. பழச்சாறு மட்டும் குடிக்கலாம். வெளியே இருப்பவர்கள் காசு போட்டு ஒரு பாட்டைக் கேட்டால், ஒலிபெருக்கியில் அதைப் போட வேண்டும். சேரும் காசு ஏதாவது ஒரு நல்ல காரியத்துக்குப் போகும்.

வோபேயின் நல்ல காரியம், நீச்சல் வகுப்பு.

போன கோடையில் ஒரு சின்னப் பையன் வாய்க்காலில் விழுந்துவிட்டான். அந்த வழியாக சைக்கிளில் வந்த வோபே குதித்து அவனைத் தூக்கினான். பையன் கண் திறக்க வெகுநேரம் ஆயிற்று. அவன் ஹிஸ்கேயின் வகுப்பில் படிக்கும் செலாமின் தம்பி. எரித்ரியாவிலிருந்து வந்து, ஊருக்கு வெளியே அகதிகள் விடுதியில் இருக்கும் குடும்பம் அது. அந்த விடுதியில் இருக்கும் பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட நீச்சல் தெரியாது. ஊரிலோ எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர்.

நீச்சல் குளத்தில் சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் காலியாக இருந்தது. "புதன்கிழமை அஞ்சு மணி வரைக்கும் உங்களுக்காக வெச்சிருக்கேன். அதுக்கு மேல முடியாது, மூட்டுவலிக்காரங்க கேக்கறாங்க" என்று குளத்துக்காரர் சொல்லியிருந்தார்.

மழை விட்டபாடில்லை. சந்தைக்கு வந்தவர்கள் தொப்பியை இழுத்து மூடிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி கண்ணாடி வீட்டைத் தாண்டிப் போனார்கள். வோபேயோடு உள்ளே போன மாரிட் என்ற தோழிக்கு நேற்றே காய்ச்சல் வந்து, அவளை வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். போதாக்குறைக்கு, பத்தடி தள்ளி ஒருவர் எண்ணெயில் உருண்டை உருண்டையாகப் பலகாரம் பொரித்து, மேலே சர்க்கரைப் பொடி தூவிக்கொண்டிருந்தார். வாசனை நேராக வோபேயின் மூக்குக்குத்தான் போனது.

அதைவிடப் பெரிய தொல்லை, பாட்டு. யாரும் பாட்டுக் கேட்காததால், வோபே தனக்குப் பிடித்த பாட்டுகளையே போட்டுக்கொண்டிருந்தான்.

வோபே படிப்பது லீவார்டன் கல்லூரியில். வாய்க்கால், மதகு, பம்பு பற்றிய படிப்பு. வெள்ளிக்கிழமை அழுக்குத் துணி மூட்டையோடு வீட்டுக்கு வருவான். ரொட்டியில் சாக்லேட் தூளைக் கொட்டிச் சாப்பிடுவான். ஞாயிற்றுக்கிழமை துவைத்த துணியோடும் ஒரு டப்பா பட்டாணி சூப்போடும் கிளம்பிப் போவான். இடையில் ஓயாமல் பாட்டுக் கேட்பான். ஒவ்வொரு பாட்டும் இருபது நிமிஷம் ஓடும். மாடியில் யாரோ இரும்புக் கட்டிலை மெதுவாக இழுத்துக்கொண்டு போவது போல இருக்கும். "படிக்கறப்ப இதைக் கேட்டா மனசு அமைதியாகும்" என்பான். அம்மாவுக்குத் தலைவலிதான் வரும்.

கண்ணாடியில் கடிதம் போடும் அளவுக்கு ஒரு சின்னத் திறப்பு இருந்தது. உள்ளேயிருந்து வோபே விரலால் தட்டினான். ஹிஸ்கே குனிந்து காதை வைத்தாள்.

"சாவி உங்கிட்டதானே இருக்கு?"

ஹிஸ்கே கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். கம்பளி நூலில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. ஐந்து மணிக்குக் கதவைத் திறக்கும் பொறுப்பு அவளுடையது.

"இருக்கு. எதுக்கு?"

"கதவைத் திற. நான் வீட்டுக்குப் போறேன்."

"இன்னும் மூணரை மணி நேரம் இருக்கே!"

"இருந்து என்ன ஆகப்போகுது? ஜாடியைப் பாரு. நேத்துலேர்ந்து ஒரே ஒரு ஆள்தான் வந்தாரு. அவரும் கழிப்பறை எங்கே இருக்குன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு." வோபே சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. அவன் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "நான் தோத்துட்டேன், ஹிஸ்கே. அந்தப் பிள்ளைங்க முகத்துல எப்படி முழிக்கறதுன்னே தெரியல."

அண்ணன் அழுது ஹிஸ்கே பார்த்ததே இல்லை. சாவியைக் கையில் எடுத்தாள்.

அப்போதுதான் மீன் கடையின் தார்ப்பாய்க்குக் கீழே செலாம் நிற்பதைப் பார்த்தாள். புதன்கிழமை பள்ளிக்கூடம் அரை நாள்தான். விடுதியிலிருந்து மழையில் நடந்தே வந்திருக்கிறாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"பையில என்ன?" என்று ஹிஸ்கே போய்க் கேட்டாள்.

செலாம் பையைக் கொஞ்சமாகத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு நீல நிற நீச்சல் உடுப்பு. "அம்மா வாங்கினாங்க. யாரோ போட்டதுதான். ஆனா அளவு சரியா இருக்கு. சனிக்கிழமை எத்தனை மணிக்கு வரணும்?"

ஹிஸ்கே ஜாடி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். "கேட்டுச் சொல்றேன்" என்று முணுமுணுத்துவிட்டுக் கண்ணாடி வீட்டுக்குத் திரும்பி வந்தாள்.

"திற" என்றான் வோபே.

"மூணு மணி வரைக்கும் இரு. அப்பவும் யாரும் வரலைன்னா திறந்துடறேன்."

"அதுக்குள்ள நீ என்ன பண்ணப்போறே?"

அது ஹிஸ்கேக்கும் தெரியாது. கணக்கு நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு, பாலாடைக்கட்டி விற்கும் ரிக்ஸ்ட் அம்மாவின் கடைக்குப் போனாள்.

"உங்களுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும்?"

"உங்க அண்ணன் அந்தப் பெட்டியை நிறுத்தினான்னா அதுவே எனக்குப் பாட்டுதான்" என்றார் ரிக்ஸ்ட். "ரெண்டு நாளா என் பாலாடைக்கட்டியே திரிஞ்சு போற மாதிரி இருக்கு."

உருளைக்கிழங்கு விற்பவர், "பாட்டுக் கேக்கணும்னா வீட்ல ரேடியோ இருக்கு" என்றார். பூக்கடைக்காரர் தலையையே நிமிர்த்தவில்லை. ஹிஸ்கேயின் நோட்டு நனைந்ததுதான் மிச்சம்.

கடைசியாக மீன் கடை. டுர்க் மாமா தனியாக மீன் பொரித்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் பக்கத்தில் அவர் மனைவி பௌக்யே நின்று, பாடிக்கொண்டே மீனைப் பொட்டலம் கட்டுவார். பிப்ரவரியில் அவர் இறந்துபோனார். அவருடைய கோடு போட்ட ஏப்ரன் இன்னும் ஆணியில் தொங்கியது.

"பாட்டெல்லாம் வேணாம்மா" என்றார் டுர்க், அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே.

ஹிஸ்கே அந்த ஏப்ரனைப் பார்த்தாள். "பௌக்யே அத்தைக்கு எந்தப் பாட்டு பிடிக்கும்?" என்று கேட்டுவிட்டாள்.

கேட்ட பிறகுதான் பக்கென்றது. டுர்க்கின் கை அப்படியே நின்றுவிட்டது. எண்ணெயில் மீன் கருகத் தொடங்கியது.

"மன்னிச்சுக்கோங்க மாமா, நான் வேணும்னு..."

"பத்து மாசமாச்சு" என்றார் டுர்க். அவர் குரல் கரகரத்தது. "இந்தச் சந்தையில அவ பேரை இதுவரைக்கும் யாரும் சொல்லல. எனக்கு வருத்தமா இருக்கும்னு நினைச்சுக்கறாங்க. சொல்லாம இருக்கறதுதான் எனக்கு வருத்தம்."

ஹிஸ்கே நோட்டைத் திறந்து பென்சிலைப் பிடித்துக்கொண்டாள்.

"பனிமூட்டத்துல வழி தெரியாம நிக்கற ஒரு படகைப் பத்தி ஒரு பழைய பாட்டு. எழுதிக்கோ" என்றார் டுர்க். "ஒரு நாள்கூட அவ ராகமா பாடினது கிடையாது. அதையும் எழுது."

வோபே சீட்டை வாங்கிப் படித்தான். கட்டில் இழுக்கும் சத்தம் சட்டென்று நின்றது. ஒலிபெருக்கியில் அவன் குரல் கேட்டது: "இந்தப் பாட்டு பௌக்யேவுக்காக. மீன் கடை டுர்க் கேட்டிருக்காரு. ஒரு நாள்கூட அவங்க இதை ராகமா பாடினது கிடையாதாம்."

பாட்டு தொடங்கியது. உருளைக்கிழங்கு எடை போட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். குடைகள் ஒவ்வொன்றாக நின்றன. டுர்க் மாமா முகத்தை மறைக்காமல் அழுதார். ரிக்ஸ்ட் தன் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து, அவர் பக்கத்தில் நின்று, கருகிப்போன மீனை எண்ணெயிலிருந்து எடுத்துப் போட்டார்.

பாட்டு முடிந்ததும் டுர்க் வந்து ஜாடியில் பண நோட்டு ஒன்றைப் போட்டார். ரிக்ஸ்ட் மூக்கை உறிஞ்சியபடி ஹிஸ்கேயின் தோளைத் தட்டினார்.

"எனக்கும் ஒண்ணு எழுது. கனடாவுல இருக்கற என் பையனுக்கு. போன் பண்ணி நாலு மாசமாச்சு, கழுதை. அதையும் சேர்த்து எழுது."

ஹிஸ்கேக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் யாரிடமும் "எந்தப் பாட்டு பிடிக்கும்?" என்று கேட்கவில்லை. "யாருக்குப் போடணும்?" என்றுதான் கேட்டாள்.

ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்கும் அப்பாவுக்குக் கேட்டார். ஒரு பெண் பிறக்காமலே போன தன் குழந்தைக்குக் கேட்டுவிட்டு, சீட்டை நான்காக மடித்துக் கொடுத்தார். ஒரு பையன் காணாமல்போன பூனைக்குக் கேட்டான். "பூனைக்குப் பாட்டுப் புரியுமா?" என்று யாரோ கேட்க, "உங்களுக்குப் புரியறதைவிட நல்லாப் புரியும்" என்றான். உருளைக்கிழங்குக்காரர், இடத் தகராறில் ஐந்து வருஷமாகப் பேசாமல் இருந்த பூக்கடைக்காரருக்கே ஒரு பாட்டுக் கேட்டார். பூக்கடைக்காரர் அப்போதுதான் தலையை நிமிர்த்தினார்.

மூன்று மணி எப்போது ஆனதென்று யாருக்கும் தெரியாது. நோட்டின் பக்கங்கள் தீர்ந்து, ரிக்ஸ்ட் கொடுத்த பொட்டலக் காகிதத்தில் ஹிஸ்கே எழுதினாள். ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் நேரம் வேண்டுமே. ஐந்து மணிக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போதும் காசு நாடாவுக்கு நான்கு விரல் கீழேதான் நின்றது. இருட்டிவிட்டது. கடைக்காரர்கள் தார்ப்பாயை அவிழ்க்கத் தொடங்கினார்கள். கூட்டம் கலைந்தது. இவ்வளவு தூரம் வந்து இப்படி ஆகிவிட்டதே என்று ஹிஸ்கேக்குக் கண்ணீர் முட்டியது.

"நான் ஒண்ணு கேக்கலாமா? எங்கிட்ட காசு இல்ல" என்று பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. செலாம்தான். இவ்வளவு நேரமும் அவள் அங்கேயே நின்றிருந்தாள்.

"நான் போடறேன், நீ கேளு" என்றார் டுர்க் மாமா.

"யாருக்குன்னு எழுதட்டும்?" என்றாள் ஹிஸ்கே.

"எழுத வேணாம். நானே சொல்றேன். அந்தப் பாட்டு வோபேகிட்ட இருக்காது."

வோபே மைக்கைத் திறப்பு வரைக்கும் இழுத்து வைத்தான். செலாம் குனிந்து பேசினாள்.

"இது எங்க அப்பாவுக்கு. நாங்க வந்த படகு கடல்ல கவுந்துடுச்சு. அவருக்கு நீச்சல் தெரியாது."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு தன் மொழியில் பாடினாள். சின்னப் பாட்டு, குழந்தையைத் தூங்கவைக்கும் பாட்டு மாதிரி இருந்தது. நடுவில் ஓர் இடத்தில் குரல் உடைந்தது. நிறுத்தி, மூச்சு வாங்கி, அந்த வரியைத் திரும்பவும் முதலிலிருந்து பாடினாள்.

யாரும் கைதட்டவில்லை. ரிக்ஸ்ட் தன் கடைக்கு நடந்து போனார். கல்லாப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, ஜாடிக்கு மேல் அப்படியே கவிழ்த்தார். அவருக்குப் பின்னால் உருளைக்கிழங்குக்காரர். அவருக்குப் பின்னால், போகக் கிளம்பியவர்கள் எல்லாரும். ஜாடி வழிந்து காசு கல் தரையில் உருண்டது. பூனையைத் தொலைத்த பையன் தவழ்ந்து தவழ்ந்து பொறுக்கினான்.

கோபுர மணி ஐந்து அடித்தது. ஹிஸ்கே சாவியை நுழைத்துத் திருப்பினாள். வோபே கால் தள்ளாட வெளியே வந்து, செலாமின் முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"சனிக்கிழமை எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டாள் செலாம்.

"ஒன்பது மணிக்கு. தூங்கிடாதே" என்றான் வோபே. டுர்க் மாமா ஒரு பொட்டலம் சூடான மீனை அவன் மடியில் வைத்தார்.

அடுத்த அக்டோபரில் செலாமுக்கு நீச்சல் தேர்வு. ஊர் வழக்கப்படி சட்டை, பேன்ட், ஷூ எல்லாவற்றோடும் குளத்தில் குதிக்க வேண்டும். வாய்க்காலில் விழுகிறவர்கள் நீச்சல் உடுப்பு மாட்டிக்கொண்டா விழுகிறார்கள்?

செலாம் விளிம்பில் நின்றாள். அவள் அம்மா ஹிஸ்கேயின் கையை எலும்பு நொறுங்கும்படி பிடித்திருந்தார். விசில் ஒலித்தது. செலாம் குதித்தாள். தண்ணீர் அவளுக்கு மேல் மூடிக்கொண்டது.

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். ஹிஸ்கே மூடவில்லை. நீரில் குமிழி வந்தது. இன்னும் ஒரு குமிழி வந்தது. பிறகு தலை வந்தது.

"ஐயோ, ஷூவுக்குள்ள தண்ணி பூந்துடுச்சு!" என்று கத்தினாள் செலாம். கத்திக்கொண்டே நீந்தி, எதிர்க்கரைக்குப் போய்ச் சேர்ந்தாள்.