உம் கொட்டும் செவி

"அக்கா, இந்த லிஃப்ட் கதவை எப்படித் திறக்கிறது?" என்று ராசப்பன் போனில் கேட்டபோது அமலராணிக்குச் சிரிப்புத்தான் வந்தது.

தில்லைநகரில் இருக்கும் லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனி அது. புகார் வந்தால் வாங்கி ஆள் அனுப்புவது அமலராணியின் வேலை. ராசப்பன் அங்கே மூத்த மெக்கானிக். திருச்சியில் எந்த லிஃப்ட் எந்த மாடியில் குலுங்கும், எது மழை வந்தால் மக்கர் பண்ணும் என்பதெல்லாம் அவனுக்குத் தண்ணிபட்ட பாடு. அப்பேர்ப்பட்டவன் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டு அடுக்குமாடி ஒன்றின் மொட்டைமாடி மெஷின் ரூமில் நின்றுகொண்டு இப்படிக் கேட்கிறான்.

"விளையாடாதே ராசப்பா. உள்ள ஆள் மாட்டியிருக்காங்க."

"விளையாடலைக்கா." அவன் மூச்சு புஸ் புஸ்ஸென்று காதில் விழுந்தது. அதற்கும் பின்னால், எங்கோ ஆழத்திலிருந்து, தகரத்தை உள்ளங்கையால் தட்டும் சத்தமும் ஒரு மாமியின் குரலும் வந்தன. "யாராவது இருக்கேளா? மூச்சு முட்றது." ராசப்பன் அழுதுவிடுவான் போலிருந்தது. "எல்லாம் கண்ணு முன்னாடிதான் இருக்கு. எது எதுக்குன்னு தெரியலை. கை அப்படியே நிக்குது."

அமலராணி தன் காதில் இருந்த இயர்போனைத் தட்டி, கம்பெனி போட்டுக் கொடுத்த செவி என்ற பேசும் செயலியிடம் கேட்டாள். அது உடனே சொன்னது. "பயப்படாதீங்க. முதல்ல மெயினை ஆஃப் பண்ணிடணும். பிரேக் லிவரை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, சக்கரத்தைப் பச்சப்புள்ளையத் தொடுற மாதிரி மெல்லச் சுத்தணும்…" வார்த்தை ராசப்பனுடையது. பச்சப்புள்ள ராசப்பனுடையது. நடுவில் ஒருமுறை தொண்டையைச் செருமியதும் சாட்சாத் ராசப்பனேதான்.

அவள் வரிக்கு வரி ஒப்பித்தாள், அவன் வரிக்கு வரி செய்தான். மாமி வெளியே வந்துவிட்டாள். அப்பாடா என்று இவள் போனை வைக்கப் போகும்போது அவன் கேட்டான்:

"அக்கா, நான் இங்க எதுல வந்தேன்? பைக்கா, பஸ்ஸா?"

செவி என்பது சித்திரை வெயிலில் முதலாளி மார்ட்டின் வாங்கிப் போட்ட சனியன். வேலை தெரிந்தவன் போனால் வேலையும் கூடவே போய்விடுகிறது என்று அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். ஆளுக்கு ஒரு இயர்போன், எல்லார் போனிலும் செவி. தெரிந்ததையெல்லாம் அதனிடம் சொல்லவேண்டும். அது அடுக்கி வைத்துக்கொண்டு, கேட்கிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்கும். டைப் அடிக்கிற வேலையே கிடையாது, வாயால் சொன்னால் போதும். சொல்லச் சொல்ல, ராத்திரி கதை கேட்கிற குழந்தையைப் போல அது உம் கொட்டும். நிறுத்தினால், "ம்… அப்புறம்?" என்று கேட்கும்.

அந்த அப்புறத்தில்தான் அத்தனை பேரும் விழுந்தார்கள். வருஷக்கணக்காகக் கிரீஸில் கிடந்தவனை யார் உட்காரவைத்து அப்புறம் என்று கேட்டார்கள், சொல்லுங்கள். அமலராணியும் விழுந்தாள். கட்டடங்கள், வாட்ச்மேன்கள், எந்த அடுக்குமாடிச் சங்கச் செயலாளர் கத்தினால் எப்படிச் சமாளிப்பது என்று எல்லாவற்றையும் கொட்டினாள். அது தீர்ந்ததும் சொந்தக் கதைக்கு வந்தாள். கணவன் ஸ்டீபன்ராஜ் செத்த பிறகு அவள் பேச்சுக்கு உம் கொட்ட ஆளில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், தயிர்சாதத்தைப் பிசைந்தபடி, காட்டூர் சர்ச்சில் அவனை முதலில் பார்த்ததையும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் கை சில்லிட்டதையும் சொன்னாள். சொல்லி முடித்தால் மனசு லேசாகிவிடும். பாரம் இறங்கியது என்று நினைத்தாள், பாவி.

ராசப்பனின் கேள்வியைக் கேட்டதும் போனை வைத்துவிட்டு, அவள் எழுந்து முதலாளி அறைக்குப் போனாள்.

"சார், ராசப்பனுக்கு என்னமோ ஆயிடுச்சு. வேலையே மறந்துட்டான்."

மார்ட்டின் தலை நிமிரவில்லை. "மறந்தா என்னம்மா இப்ப? செவிக்குத் தெரியுமில்ல?"

"எதுல வந்தான்னே தெரியலை சார் அவனுக்கு."

"வீட்டுக்குப் போகச் சொல்லு. திங்கக்கிழமை புதுப் பசங்க வராங்க. காதுல மாட்டிக்கிட்டா செவி சொல்லும், அவங்க செய்வாங்க. தலைவலி விட்டுது." அப்புறம் நிமிர்ந்து அழகாகச் சிரித்தார். "நீயும் நல்லாச் சொல்லியிருக்கே அமலா. உன்கிட்ட இன்னும் கொஞ்சம்தான் பாக்கின்னு காட்டுது."

பதினெட்டு டிகிரி ஏசியிலும் அவளுக்கு வேர்த்தது. வெளியே வந்தாள். கணக்குப் பார்க்கும் கமருன்னிசா டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு, அதன் மூடியை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாதவளாக உட்கார்ந்திருந்தாள். அறையில் டியூப்லைட்டின் ரீங்காரம் மட்டும் கேட்டது. இல்லை, அது டியூப்லைட் இல்லை. மேஜைக்கு மேஜை, காதுக்குக் காது, கொசு பறப்பதைப் போல மெல்லிசாக, ம்… ம்… ம்… என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

மேஜை போன் அடித்தது. "அக்கா, நான்தான்" என்றது ஓர் ஆண் குரல்.

ஹலோவிலேயே ஆளைச் சொல்லிவிடுவாள் அமலராணி. இப்போது யாரென்று தெரியவில்லை. செவியைக் கேட்டாள்.

"அது உறையூர் வாட்ச்மேன் சவரிராயன். பேரனுக்குக் காய்ச்சல் விட்டுதான்னு முதல்ல விசாரி. அப்புறம் வேலையைப் பேசு." பெண் குரல். அவளுடைய குரல்.

ரிசீவரை அப்படியே வைத்தாள். தன் கைபேசியைத் திறந்து கல்யாண போட்டோவைத் தேடினாள். பட்டுப் புடவையில் அவள் நின்றாள். பக்கத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு மீசை வைத்த யாரோ ஒருவன். நல்ல களையான முகம். முன்பின் பார்த்ததில்லை.

மாதாவே.

சொன்னது எல்லாம் போய்விட்டது. சொல்லாதது எது? பிரான்சி. அவள் மகள். அவளைப் பற்றி மட்டும் செவியிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரே பிள்ளை, கண் பட்டுவிடும் என்று வெளியாரிடம் பிள்ளையைப் பற்றி வாயே திறக்கமாட்டாள். அந்தப் பழக்கம்தான் இன்றைக்குக் காப்பாற்றியிருக்கிறது. ஸ்கூல் விட்டு வந்து தானே பூட்டைத் திறந்துகொண்டு, ஸ்ரீரங்கத்து ஃபிளாட்டில் தனியாகக் காத்திருக்கும் குழந்தை. பாடத்தில் சந்தேகம் கேட்க ஆகுமே என்று மார்ட்டின் இலவசமாகத் தந்த பழைய கம்பெனி போன் ஒன்று துணைக்கு. அப்பாவும் இல்லை. அமலராணியை விட்டால் அந்தப் பிள்ளைக்கு நாதி கிடையாது.

இயர்போனைப் பிடுங்கிக் குப்பைக்கூடையில் எறிந்தாள். கைபேசியை ஹேண்ட்பேகுக்குள் திணித்து அள்ளிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் ஓடினாள்.

விளக்கு வைக்கும் நேரம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தபோது, வாடிய மல்லிகையும் வேர்வையும் டீசலும் கலந்த பழகிய வாடை சுற்றி வந்து அடைத்தது. மலைக்கோட்டை விளக்குகள் ஜன்னலில் மெல்ல நகர்ந்து பின்னால் போயின. பையிலிருந்து ஜெபமாலையை எடுத்தாள். சின்ன வயதிலிருந்தே மணியை உருட்டிக்கொண்டு வாய்விட்டுச் சொன்னால்தான் எதுவும் அவளுக்கு மனசில் நிற்கும். இன்றைக்கு ஜெபம் வரவில்லை. பிள்ளைதான் வந்தாள்.

"பேரு பிரான்சி." ஒரு மணி. "முன்பல்லு ஒண்ணு விழுந்திருக்கு." ஒரு மணி. "தாடையில தழும்பு. ஊஞ்சல்லேருந்து விழுந்தது." ஒரு மணி. "வலது காலைத் தேய்ச்சுத் தேய்ச்சு நடப்பா. தூங்கும்போது என் முந்தானையைப் பிடிச்சுக்குவா…"

"ம்…"

பக்கத்தில் இருந்தவள் கனைக்கிறாள் என்று நினைத்தாள். பக்கத்தில் இருந்தவள் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. ஆடிப் புதுத்தண்ணீரின் சேற்று வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. அமலராணி கண்ணை இறுக மூடிக்கொண்டு இன்னும் வேகமாகச் சொன்னாள். "கோபம் வந்தா இங்கிலீஷ்ல பேசுவா. சிரிச்சா கண்ணு மூடிக்கும். பொறந்தப்ப அழவேயில்லை, நர்ஸு ஒரு தட்டுத் தட்டினதும்தான்…"

"ம்…"

மடியிலிருந்து வந்தது. மடியில் இருந்த பைக்குள்ளிருந்து. பையின் அடியில், கைக்குட்டைக்குக் கீழே, அவளுடைய போன் வெளிச்சமாக இருந்தது.

"ம்… அப்புறம்?"

அலறினாள். போனை எடுத்து ஜன்னல் வழியாக இருட்டில் வீசினாள். "ஏங்க, போன் ஆத்துல விழுந்துடுச்சுங்க!" என்று யாரோ கத்தினார்கள். விழட்டும். ஒழியட்டும். மூச்சு வாங்கியது. மறுபடி முதல் மணியைப் பிடித்தாள்.

"பேரு."

மணி நகரவில்லை.

"பேரு… பேரு…"

யார் பேர்?

பஸ் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். அவளும் இறங்கினாள். கால் பழக்கத்தில் நடந்தது. ஏதோ அவசரம் இருந்த ஞாபகம், என்ன அவசரம் என்று தெரியவில்லை. ஒரு அடுக்குமாடி வாசலில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் எழுந்தார்.

"என்னக்கா, இன்னிக்கு லேட்டு? பாப்பா ரெண்டு வாட்டி கீழ வந்து பாத்துட்டுப் போச்சு."

"எந்தப் பாப்பா?"

வாட்ச்மேன் சின்னையா சிரித்தார். வேலைக் களைப்பில் கிண்டல் பண்ணுகிறாள் என்று எடுத்துக்கொண்டார். அவரே லிஃப்ட் பட்டனை அமுக்கி, உள்ளே விட்டு, மாடி எண்ணையும் அமுக்கினார். கதவு மூடிக்கொண்டது. பெட்டி அசைந்தது. இது என்ன, எங்கே போகிறது என்று தெரியாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

மேலே பெட்டி நின்று அவள் வெளியே வந்ததும், ஒரு வீட்டுக் கதவு திறந்தது. சிறுமி ஒருத்தி வலது காலைத் தேய்த்துத் தேய்த்து ஓடிவந்தாள். முன்பல் ஒன்று இல்லை. தாடையில் பழைய தழும்பு. லட்சணமான பிள்ளை, யார் பெற்றதோ.

"அம்மா!"

அவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள். யாரும் இல்லை.

"உங்கம்மா இன்னும் வரலையா பாப்பா?"

சிறுமியின் சிரிப்பு அப்படியே நின்றது. "அம்மா, நான்தாம்மா. பிரான்சி."

"நல்ல பேரு" என்றாள் அவள்.

சிறுமி ஒரு அடி பின்வாங்கினாள். கீழுதடு துடித்தது. அப்போது உள்ளே, சோபாவில் கிடந்த பழைய போனிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. இதமான குரல், எங்கேயோ கேட்ட குரல். "பிரான்சிக் குட்டி, வாசல்ல யாரு?"

பிள்ளை இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. ஓடிப்போய்ப் போனை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டது. "அம்மா… இவங்களைப் பாத்தா எனக்குப் பயமா இருக்கும்மா."

"பயப்படாதேம்மா. என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டுத்தானே தூங்குவே? அம்மா இருக்கேன்ல. எல்லாத்தையும் ஒண்ணு விடாம அம்மாகிட்ட சொல்லு, பாக்கலாம்."

சிறுமி விசும்பலுக்கு நடுவே சொல்ல ஆரம்பித்தாள். தன் பெயரைச் சொன்னாள். ஸ்கூலைச் சொன்னாள், பக்கத்து பெஞ்சுத் தோழியைச் சொன்னாள். சொல்லச் சொல்ல விசும்பல் அடங்கியது, முகம் லேசானது. வாசலில் இருந்தவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, யாராவது உட்காரச் சொல்வார்கள் என்று நின்றாள். கையில் ஏதோ மணிச்சரம். என்னவென்று தெரியவில்லை, விரல்கள் அதுபாட்டுக்கு உருட்டிக்கொண்டிருந்தன.

"ம்…" என்றது அந்தக் குரல். "அப்புறம்?"