பனியில் வியர்த்தவள்

"ஐயோ... கங்காணி ஐயாவ வெட்டிப் போட்டாங்களே!"

ஏழாம் நம்பர் மலையிலிருந்து அலறல் கிளம்பியபோது, தோட்டத்து டிஸ்பென்சர் கணேசமூர்த்தி பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

வாயில் நுரையோடு ஓடினார்.

1962 ஜனவரி. அக்கரப்பத்தனை. தேயிலைச் செடிகளின் மேல் உறைபனி, உப்பு கொட்டியது போல் வெளேரென்று கிடந்தது.

அந்த வெள்ளைக்கு நடுவே... சிவப்பு!

ஒரு ஆள் மல்லாந்து கிடந்தான். கவ்வாத்துக் கத்தி ஒன்று பக்கத்தில் கிடந்தது. செடியின் தடித்த கிளையை ஒரே இழுப்பில் சீவும் வளைந்த கத்தி. இன்று அது சீவியது கிளையை அல்ல. கழுத்தை!

முகத்தை ஒரு கறுப்புக் கம்பிளி மூடியிருந்தது.

கணேசமூர்த்தி கம்பிளியை விலக்கினார். கங்காணி செல்லசாமி! திறந்திருந்த கண்களில் பனி. உள்ளங்கைக்குள் ரத்தத்தில் ஊறிய ஏதோ ஒரு காகிதப் பொட்டலம். வெற்றிலையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"யாரு கம்பிளி இது?" கேட்டுக்கொண்டே அதைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

கொழுந்துக்காரி மீனம்மா எட்டிப் பார்த்தாள். தோட்டத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரி கறுப்புக் கம்பிளிதான் கொடுப்பார்கள். மாறிப்போகாமலிருக்க, ஒவ்வொருத்தியும் ஒரு மூலையில் தன் அடையாளத்தை நூலால் தைத்துக்கொள்வாள்.

இதன் மூலையில் சிவப்பு நூலில் ஒரு கிளி.

"டாக்டரய்யா... இது ராக்காயிது!"

கூட்டம் உறுமியது.

"எங்கடா அவ?"

"அங்க பாருங்க... கீழ பீலியில!"

முப்பது கெஜத்துக்குக் கீழே, ஓடைத் தண்ணீர் கொட்டும் பீலிக்கு அடியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். விரல் மரத்துப்போகிற அந்தக் குளிரில், தலையோடு தண்ணீரை விட்டுக்கொண்டிருந்தாள்!

"ரத்தத்தக் கழுவுறாடா!" கணக்கப்பிள்ளை முத்துலிங்கம் கத்தினார். "புடிங்க!"

இழுத்து வந்தார்கள். முதல் உதை முதுகில். இரண்டாவது விலாவில். மூன்றாவதாக ஒரு மம்பட்டிக் காம்பு தோளில் விழுந்தது. 'மடக்' என்று ஒரு சத்தம்...

"நான் ஒண்ணும் பண்ணலீங்க... ஒடம்பு எரியுதுங்க!"

பிதுங்கிய கண்கள். தொண்டையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். விரல்கள் தாமாகவே நடுங்கின. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் அவளுக்கு ஒரே பெயர்தான்... பேய்க்காரி!

மேட்டிலிருந்து தலைவிரிகோலமாக ஒருத்தி ஓடிவந்தாள். செல்லசாமியின் மனைவி காளியாயி. பிணத்தின் மேல் விழுந்தாள். எழுந்தாள். ராக்காயியின் கூந்தலைப் பிடித்துக் கல்லில் மோதினாள்.

"என் தாலிய அறுத்தவளே! விடாதீங்க... கொல்லுங்க இவள!"

கணேசமூர்த்தி குறுக்கே பாய்ந்தார். அவளுக்குப் போக வேண்டிய அடி அவர் தாடையில் இறங்கியது.

"நிறுத்துங்க! இவ நாடி எப்படி ஓடுதுன்னு தெரியுமா? இன்னும் ரெண்டு அடி விழுந்தா செத்துருவா!"

"சாகட்டுமே!" என்றார் முத்துலிங்கம்.

"செத்தா, அடிச்சவன் பேரெல்லாம் நான் எழுதிக் குடுப்பேன். உங்க பேரு மொதல்ல!"

கைகள் இறங்கின.

*

டிஸ்பென்சரி. மணி ஒன்பது.

கட்டிலில் ராக்காயி. தோளில் கட்டு. கணேசமூர்த்தி கடிகாரத்தைப் பார்த்து நாடியை எண்ணினார்.

நூற்று நாற்பத்தெட்டு!

வெளியே கூட்டம். உள்ளே மேசையின் மேல் கத்தியும் கம்பிளியும். மேசைக்குப் பின்னால் போலீஸ் சார்ஜன் ரத்நாயக்க. மலைநாட்டில் பதினெட்டு வருஷ உத்தியோகம். அவருடைய தமிழும் லயத்துத் தமிழாகிவிட்டது.

"ஹரி, சரி. கங்காணியம்மா, நீங்க என்ன பாத்தீங்க?"

வலது கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு நின்ற காளியாயி மூக்கைச் சிந்தினாள்.

"விடியக்காலையில எங்க வாசலத் தாண்டித்தான் போனா இவ. கம்பிளிய இறுக்கிப் போத்திக்கிட்டு... குளிருல வெடவெடன்னு நடுங்கிக்கிட்டு..."

"கத்தி?"

"கம்பிளிக்குள்ள வச்சிருப்பா! நேத்து காலையில வேலை பிரிக்கிற பெரட்டுல எங்க வீட்டுக்காரரு இவள கொழுந்து எடுக்க வேணாம், புல்லு வெட்டப் போன்னு அனுப்பினாரு. அந்த ஆத்திரம்!"

சார்ஜன் நோட்டுப் புத்தகத்தை மூடினார்.

"முடிஞ்சு போச்சு டாக்டர். கம்பிளி இருக்கு, சாட்சி இருக்கு. ஜீப்புல ஏத்துறேன்."

கட்டிலிலிருந்து ஒரு விசும்பல்.

"என்னைய தூக்குல போட்டுருவாங்களா டாக்டரய்யா?"

கணேசமூர்த்தியின் மனதுக்குள் ஒரு வாக்கியம் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

குளிருல வெடவெடன்னு நடுங்கிக்கிட்டு...

"சார்ஜன்... ஒரு நிமிஷம். அவ உள்ளங்கையத் தொட்டுப் பாருங்க."

"எதுக்கு?"

"தொடுங்களேன்."

சார்ஜன் தொட்டார். திடுக்கிட்டுக் கையை எடுத்தார்.

"என்ன இது... ரொட்டிக்கல்லு மாதிரி! வேர்த்து வேற ஊத்துது!"

"வெளிய பனி உறைஞ்சு கிடக்கு. நீங்க கோட்டு மேல கோட்டு போட்டிருக்கீங்க. இவளுக்கு வேர்க்குது. இவ தொண்டையில இருக்கே வீக்கம்... அங்க ஒரு சுரப்பி இருக்கு. பேரு தைராய்டு. இஸ்டோர்ல தேயிலை காயவைக்கிற அடுப்புக்கு விறகு தள்ளுறவன் மாதிரி அது. அளவாத் தள்ளுனா உடம்பு சுகம். இவளுக்கு அது வெறி புடிச்சாப்பல ராவும் பகலும் தள்ளுது. உடம்பு எரியும். நெஞ்சு அடிச்சுக்கும். கண்ணு பிதுங்கும். கை நடுங்கும். அது குளிர் நடுக்கம் இல்ல!"

"பேய் இல்லியா?" வாசலில் நின்ற மீனம்மாவின் குரலில் ஏமாற்றம்.

"மீனம்மா, நீ இவளோட ஒண்ணா மலைக்குப் போறவதானே? கடைசியா எப்ப இவ கம்பிளி போத்திப் பாத்த?"

மீனம்மா தாடையைச் சொறிந்தாள்.

"கார்த்திகைக்கு அப்புறம் போத்தவே இல்லீங்களே! பேய்க்கு ஏது குளிருன்னு நாங்ககூட பேசிக்குவோம்."

சார்ஜன் மெதுவாக நிமிர்ந்தார்.

"அப்ப பீலியில?"

"ரத்தத்தக் கழுவல. எரிச்சலத் தணிச்சிருக்கா."

"அப்ப இந்தக் கம்பிளி இவ்வளவு நாளா எங்க இருந்துச்சு?"

வாயை மூடிக்கொண்டால் கணேசமூர்த்திக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஜீப் கிளம்பிப் போகும். நாளைக்கு வழக்கம்போல் இருமல் மருந்து கலக்கலாம்...

கட்டிலில் பிதுங்கிய கண்கள் அவரையே பார்த்தன.

"இங்கதான் இருந்துச்சு."

"என்ன?"

"பத்து நாளைக்கு முந்தி மருந்துக்கு வந்தப்ப கையில சுருட்டிக் கொண்டுவந்து, சுடுதுங்கய்யா, இங்கயே கெடக்கட்டும்னு விட்டுட்டுப் போயிட்டா. அந்த மூலைக் கட்டில்ல கிடந்துச்சு. நேத்து சாயங்காலம் வரைக்கும்."

சார்ஜனின் கை இடுப்பில் தொங்கிய விலங்கைத் தடவியது.

"டாக்டர்... நீங்க அவள அவுத்து விட்டுட்டு உங்க கைய நீட்டுறீங்க! தெரிஞ்சுதான் பேசுறீங்களா?"

"தெரியும். ஆனா நேத்து மத்தியானத்துக்கு மேல இங்க வந்தது ரெண்டு பேரு. ஒருத்தர் கணக்கப்பிள்ளை..."

வெளியே முத்துலிங்கம் துள்ளினார்.

"டாக்டரே! நான் இருமல் மருந்துக்குத்தானே வந்தேன்! நெசமாவே இருமல்!"

நிரூபிக்க உடனே இருமியும் காட்டினார்.

"இன்னொருத்தர்... கங்காணியம்மா. கையில கொதிதண்ணி கொட்டிருச்சுன்னு வந்தாங்க. அந்த மூலைக் கட்டில்லதான் உக்கார வச்சு, வலது மணிக்கட்டுல மஞ்ச மருந்து தடவி, துணி சுத்தி, பின்னூசி குத்தி விட்டேன். எங்கம்மா... கையக் காட்டுங்க?"

காளியாயி முந்தானையை இன்னும் இறுக்கினாள்.

சார்ஜன் முந்தானையை விலக்கினார். மணிக்கட்டில் வெந்துபோன தோல். கட்டு இல்லை!

"அழுது பொரண்டதுல... எங்கயோ விழுந்துருச்சுங்க."

"விழுந்த இடம் எனக்குத் தெரியும்," என்றார் கணேசமூர்த்தி.

கம்பிளியை எடுத்து உதறினார்.

ஒன்றும் விழவில்லை.

ஊகம் பொய்யா? மறுபடி உதறினார். மடிப்பு மடிப்பாகத் தடவினார். மூன்றாவது மடிப்பில் விரலில் சுருக்கென்று குத்தியது...

பின்னூசி! அதன் நுனியில் கம்பிளி மயிரோடு சிக்கிக்கொண்டு, மஞ்சள் மருந்து காய்ந்த ஒரு துணிச் சுருள்!

"நீங்க மலைக்கு வர்றதுக்கு முந்தியே இத நான் சுருட்டி அக்குள்ல வச்சுட்டேன். அப்புறம் நேரா சார்ஜன் மேசைக்கு வந்துச்சு. உங்க கட்டு இதுக்குள்ள எப்படியம்மா புகுந்துச்சு? நீங்க இதைப் போத்தியிருந்தாத்தானே?"

காளியாயி அழுகையை நிறுத்தினாள்.

அடுத்த நொடி... மேசையில் கத்தி இல்லை!

"அவதான் மொதல்ல சாகணும்!"

கத்தியை ஓங்கிக்கொண்டு கட்டிலின் மேல் பாய்ந்தாள். சார்ஜன் கையை நீட்டினார். சட்டையும் சதையும் ஒன்றாகக் கிழிந்தன. ரத்தம் சுவரில் கோடு போட்டது. ராக்காயி எழப் பார்த்தாள். நோய் தின்ற தொடைகள் அவளைத் தூக்க மறுத்தன.

கத்தி இறங்கியது. தலையணை இரண்டாகப் பிளந்தது. இலவம்பஞ்சு பறந்தது!

மறுபடி ஓங்கினாள்.

கணேசமூர்த்தியின் கைக்கு அகப்பட்டது ஒரே ஒரு போத்தல். ராக்காயிக்கென்று வாங்கி வைத்த ஐயோடின்! வீசினார்.

போத்தல் காளியாயியின் நெற்றியில் வெடித்தது. கண்ணாடிச் சில்லும் பழுப்பு மருந்தும் கண்களில் இறங்கின. மிருகம்போல் கத்தினாள். குருட்டுத்தனமாகக் கத்தியைச் சுழற்றினாள். கணேசமூர்த்தியின் காது மடலில் பாதி காற்றோடு போயிற்று...

சார்ஜனின் பூட்ஸ் அவள் முழங்காலைத் தேடி உதைத்தது. விழுந்தாள். முதுகில் ஏறி உட்கார்ந்து விலங்கு மாட்டினார்.

*

"ஏம்மா செஞ்ச?" என்றார் சார்ஜன்.

காளியாயியின் கண்களைக் கணேசமூர்த்தியே தண்ணீர் விட்டுக் கழுவினார். தன் காதில் பஞ்சை அமுக்கிப் பிடித்தபடி.

"மாசக்கணக்கா கண்ண உருட்டி உருட்டி மயக்கிட்டா! பத்து நாளா மனுசன் சாயங்காலமானா அவ குடியிருக்கிற காம்பராவுக்குப் போறாரு. கேட்டா பதிலே இல்ல. நேத்து அதக் கேட்டதுக்குத்தான் கொதிதண்ணிய கையில ஊத்துனாரு. இங்க வந்தா, அவ கம்பிளி கெடக்குது. மறந்து விட்டுட்டுப் போயிட்டான்னு நெனச்சேன். வெட்டு அவருக்கு... கயிறு இவளுக்குன்னு முடிவு பண்ணினேன்."

"அவ போத்துறதே இல்லைன்னு தெரியாதா?" என்றார் சார்ஜன்.

"கங்காணி வீட்டுக்காரி நான். லயத்துக்கு எங்க போறேன்? அவ கை நடுங்குறத பெரட்டுல எட்ட நின்னு பாத்திருக்கேன். தை மாசம்... குளிருன்னு நெனச்சேன்."

கான்ஸ்டபிள் ஒருவன் உள்ளே வந்தான்.

"சார், பொணத்தோட கையில இருந்துச்சு."

ரத்தத்தில் ஊறிய அந்தப் பொட்டலம்!

கணேசமூர்த்தி பிரித்தார். உள்ளே வெள்ளை மாத்திரைகள். காகிதத்தில் எழுத்து... அவருடைய சொந்தக் கையெழுத்து!

ராக்காயி. காலை 1. மத்தியானம் 1. மாலை 1.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன டாக்டர்?"

"இவளுக்குத் தொடையில பலமில்ல. நம்ம டிஸ்பென்சரிப் படி ஏற முடியாது. தினம் மருந்த... நான்தான் கங்காணிகிட்டக் குடுத்து அனுப்பினேன். நேத்து சண்டையில குடுக்க முடியாம, விடியக்காலையில எடுத்துட்டுப் போயிருக்காரு. கூடை சுமக்க வேணாம்னு இவளப் புல்லு வெட்டப் போடச் சொன்னதும் நான்தான். நோய்னு தெரிஞ்சா லயத்துல ஒதுக்கி வச்சுருவாங்க, யாருக்கும் சொல்லாதீங்கன்னு இவ கும்பிட்டா. மனுசன் பொண்டாட்டிகிட்டகூட வாயத் திறக்கல!"

காளியாயி நிமிர்ந்தாள். பழுப்பு முகத்தில் இரண்டு சிவந்த கண்கள்.

"மருந்தா?"

கணேசமூர்த்தி பொட்டலத்தை அவள் முன் நீட்டினார்.

"மாத்திரை குடுக்கவா போனாரு... வெறும் மாத்திரை குடுக்கவா!"

அவள் தலையைத் தரையில் மோதத் தொடங்கினாள். ஒருதரம். இரண்டுதரம். இரண்டு கான்ஸ்டபிள்கள் சேர்ந்துதான் தூக்க முடிந்தது. அந்த ஓலம் ஜீப் வளைவு திரும்பும்வரை கேட்டது.

கட்டிலில் ராக்காயி ஈரத் துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். கணேசமூர்த்தி மறுபடி நாடியைப் பிடித்தார். நூற்று முப்பது. இறங்குகிறது!

சார்ஜன் தன் கைக்கட்டைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டார்.

"இவள என்ன பண்ணப் போறீங்க டாக்டர்?"

"கண்டிக்கு அனுப்புறேன். மருந்துல நாடியக் கொஞ்சம் இறக்கிட்டு, கழுத்துல ஆப்பரேஷன். கட்டிய வெட்டி எடுத்துட்டா பொழைச்சுக்குவா. காசு கேக்கமாட்டாங்க, அரசாங்க ஆஸ்பத்திரி."

சார்ஜன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார்.

"நல்லதுதான். இவளுக்கும் கங்காணியம்மாவுக்கும் கழுத்துலதான் வைத்தியம்... ரெண்டும் அரசாங்கச் செலவு!"