சனிக்கிழமை பேச்சு வகுப்பு

வேல்விழியின் வீட்டில் நான்கு மாதமாகப் பேச்சுச் சத்தமே இல்லை.

அவளுடைய அப்பா பலவேசம், அச்சங்குளத்திலிருந்து சாத்தூர் போகும் மினிபஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஒருநாள் காலையில் திடீரென்று அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வலது கை தளர்ந்திருந்தது. அதைவிட மோசம், நினைத்த வார்த்தை வாயில் வரவில்லை. தண்ணீர் கேட்க நினைத்து, "சீப்பு" என்றார்.

பார்க்க வந்த ஒருவர் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அப்பா வாயே திறப்பதில்லை. வருகிறவர்களும் குறைந்துபோனார்கள்.

அம்மா மாரித்தாய் விடிந்ததும் தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போய்விடுவாள். பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாவுக்குத் துணை வேல்விழிதான். தெருவில் பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்கும். வாசல்வரை போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள்.

"அப்பா, இன்னைக்கு எங்க வகுப்புக்குள்ள ஆடு வந்து சாக்பீஸைத் தின்னுருச்சு" என்பாள். அப்பா சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். அவளே சிரித்து, அவளே நிறுத்திக்கொள்வாள்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அப்பாவைப் பார்க்க ஊர் நர்ஸ் பாண்டிலட்சுமி வந்தார்.

"சாத்தூர்ல சனிக்கிழமைதோறும் பேச்சு வகுப்பு நடக்கு. இவுகள மாதிரி ஆளுகளுக்குத்தான். இப்பவே பழகுனா பேச்சு திரும்பும். நாளாக ஆகக் கஷ்டம்."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேல்விழிக்குக் காரணம் தெரியும். அந்த மினிபஸ்ஸில்தான் போக வேண்டும். அத்தனை பேரும் தெரிந்தவர்கள். ஏதாவது கேட்பார்கள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபின் அவளுக்குப் பொழுதே போகவில்லை. குடங்களை வரிசையாக வைத்து, தனியாக பஸ் விளையாடினாள்.

"ஏ பெரிய கொடம், தள்ளி உக்காரு! தீப்பெட்டி ஆபீஸ், ரயில்வே கேட், ரைஸ்மில்..."

"ப்ச்!" என்றது ஒரு குரல். அப்புறம் மடமடவென்று, "தீப்பெட்டி ஆபீஸ், ரைஸ்மில், பனங்காட்டு விலக்கு, ரயில்வே கேட், சாத்தூர்!"

அப்பா! அவரே திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

வேல்விழிக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் அடக்கிக்கொண்டாள்.

"ரயில்வே கேட்டுக்கு முந்தி என்னப்பா?"

அப்பாவின் உதடு துடித்தது. வார்த்தை வரவில்லை.

"சரி, முதல்லருந்து சொல்லுங்க."

முழு வரிசையும் வந்தது. தனியாக வராத வார்த்தை, வரிசையில் வந்துவிடுகிறது!

"இப்பக் கிழமை சொல்லுவமா? ஞாயிறு, திங்கள்..."

அப்பா கூடவே சொன்னார். சனி வந்ததும் அவள் நிறுத்தினாள்.

"நாளைக்குச் சனிதான். வகுப்புக்குப் போவமாப்பா? பஸ்ஸுல யாரு என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லுதேன். நீங்க ஸ்டாப்பு மட்டும் சொல்லுங்க. புதுக் கண்டக்டரு வெள்ளைத்துரை மாமா அதத் தப்புத் தப்பாக் கூப்பிடுதாக."

அப்பாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது.

மறுநாள் காலை மினிபஸ் வந்து நின்றதும், வெள்ளைத்துரை படியிலிருந்து இறங்கி ஓடிவந்தார். "அண்ணே! எப்படி இருக்கீக?"

அப்பாவின் கை வேல்விழியின் தோளை இறுக்கியது.

"நல்லா இருக்காக மாமா. இன்னைக்கு அப்பாதான் ஸ்டாப்பு சொல்லுவாக."

அப்பா சொன்னார். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் முதலிலிருந்து தொடங்கினால்தான் அந்தப் பேருக்கு வந்துசேர முடிந்தது. அதுவரை வெள்ளைத்துரை விசிலை வாயில் வைத்துக்கொண்டு பொறுமையாக நின்றார்.

வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அப்பாவுக்குப் பக்கத்தில் சீனிவாசகம் என்ற பெரியவர். அவருக்கு எதைச் சொன்னாலும் "சரி" என்ற ஒரே வார்த்தைதான் வரும்.

அப்பா வணக்கம் சொல்ல நினைத்து, "கதவு" என்றார்.

"சரி" என்றார் சீனிவாசகம்.

"கதவு, கதவு!"

"சரி, சரி!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்பாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சீனிவாசகம் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

வேல்விழி வாசல்வரை போய் எட்டிப் பார்த்தாள். வெளியே வேப்பமரத்தடியில் இரண்டு சிறுமிகள் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எங்க அம்மாவும் உள்ளதான் இருக்காக" என்றாள் ஒருத்தி. "நொண்டி ஆட ஆள் குறையுது. வர்றியா?"

வேல்விழி திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் இடது கையை வீசி, 'போ, போ' என்று காட்டினார்.

செருப்பை உதறிவிட்டு அவள் ஓடினாள்.